கூழ்ப்பானையில் விழுந்த அம்பு

இந்தக் கதையில் சிரிக்க ஓர் இடம் உண்டு. கையடித்துச் சத்தியம் செய்யலாம், உண்டு. ஆனால் அதற்கு முன்னால் ஒரு மலை ஏற வேண்டும், இரண்டு மூன்று முறை ஒரு சேவலிடம் தோற்க வேண்டும், ஒரு மனிதனின் வசவுகளையெல்லாம் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். அவசரக்காரர்கள் இப்போதே எழுந்து போகலாம். கடம்பனும் அவசரக்காரன்தான். அவன் பட்டதைக் கேளுங்கள்.

கடம்பன் மூங்கில்கரட்டில் ஏறிக்கொண்டிருந்தான். பங்குனி கடைசி. புதுத்தளிர் விட்ட மரங்களுக்குள்ளிருந்து நாலு பக்கமும் காட்டுச்சேவல்கள் கூவின. அந்தச் சத்தமே அவனுக்குப் பிடிக்கவில்லை. பாதையில் துருத்திக்கொண்டிருந்த கல்லை எட்டி உதைத்தான். அது பாதி பூமிக்குள் இருந்த கல். கட்டைவிரல் நகம் பெயர்ந்தது. கல்லைத் திட்டினான். பாதை போட்டவனைத் திட்டினான். பிறகு, வழக்கம்போல, தங்கை புருஷன் சடையனைத் திட்டினான்.

வயது நாற்பத்திரண்டு. கீழ்நாட்டுத் தலைவரின் வில்லாளிகளில் முதல் ஆள். போன வருஷத் திருவிழா வரைக்கும்.

உச்சியில் ஒரு குடிசை. வாசலில் ஒரு பெண் உட்கார்ந்து ஈச்ச ஓலையைக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

"ஆசான் இருக்காரா?" என்றான் கடம்பன்.

"இருக்கு."

"கூப்பிடு."

"கூப்பிட்டாச்சு. சொல்லுங்க."

கடம்பன் அவளை மேலும் கீழும் பார்த்தான். "மூங்கில்கரட்டு ஆசான்னு ஊரெல்லாம் சொல்றது உன்னையா?"

"மருதின்னும் சொல்வாங்க."

"உனக்கு என்ன வயசு?"

"இருபத்தாறு."

"என் வில்லுக்கே அத்தனை வயசு ஆகுது!"

"அப்ப அதை மொதல்ல உக்கார வைங்கண்ணே. மலை ஏறி வந்திருக்கு, பாவம்."

திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தான். கீழே போனால் திருவிழாவைப் பார்த்த ஊர் இருக்கிறது. உட்கார்ந்தான். வில்லை மடியில் வைத்துக்கொண்டான்.

"என்ன கத்துக்கணும்?"

"மறைஞ்சிருந்து அடிக்கணும். பத்தடி தூரத்துல. அடிபடுறவனுக்குக் கடைசி வரைக்கும் தெரியக்கூடாது."

"அடிபடுறவனுக்கா?"

கடம்பன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "சேவலுக்கு."

மருதி ஓலை கிழிப்பதை நிறுத்தவில்லை. "இங்க மூணு கட்டுப்பாடு இருக்கு. இளவேனில்ல பெட்டையைத் தொடக்கூடாது, முட்டை வைக்கிற காலம். சேவல் கூவும்போது கண்ணை மூடும், நாணை அப்ப மட்டுந்தான் இழுக்கணும். குரல் குடுத்துச் சேவலைக் கூப்பிடுறவ சொல்ற வரைக்கும் மறைப்பை விட்டு வெளிய கால் வைக்கக்கூடாது."

"எப்ப முடியும்?"

"பெரியவரை அடிக்கிற அன்னிக்கு."

"யார் பெரியவர்?"

"இந்தக் கரட்டுலேயே மூத்த சேவல். அதுவரைக்கும் வில்லோட கீழ எறங்க மாட்டேன்னு சொல்லுங்க. வில்லைத் தொட்டுச் சொல்லுங்க."

ஒரு கோழி! கடம்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்தபடி வில்லைத் தொட்டான். "சரி… ஆசானே." அந்தக் கடைசிச் சொல்லை வேப்பங்காயைத் துப்புவதுபோலத் துப்பினான்.

மறுநாள் விடியும்போது இருவரும் மறைப்பில் இருந்தார்கள். மறைப்பு என்றால் பெரிய கோட்டை இல்லை. நாலு மூங்கில் குச்சி, மேலே ஈச்ச ஓலையும் தழையும். எதிரே ஒரு வீட்டு முற்றம் அளவுக்குப் புல்தரை. அதுதான் களம்.

மருதி உள்ளங்கையை வாயருகே குவித்தாள். "க்ளுக்… க்ளுக்…"

கடம்பன் சட்டென்று பக்கத்தில் பார்த்தான். பெட்டைக்கோழி எதுவும் வந்து உட்கார்ந்திருக்கவில்லை. அவள்தான்.

தூரத்திலிருந்து ஓர் இளஞ்சேவல் பதில் கொடுத்தது. கொஞ்ச நேரத்தில் களத்து ஓரத்துக்கு வந்தது. கழுத்தை நீட்டியது. ஒரு காலைத் தூக்கி யோசித்தது. "இருக்கிறாளா, இல்லையா, வீட்டில் அப்பன் இருப்பானா" என்று கேட்பதுபோல நின்றது. அப்புறம் வந்த வழியே போய்விட்டது.

"விட்டுட்டியே!" என்று சீறினான் கடம்பன்.

"ஆசை கொஞ்சம் யோசிக்கும்ணே. இப்பப் பாருங்க."

மடியிலிருந்த துண்டை மடித்துத் தொடையில் படபடவென்று தட்டினாள். அசல் இறக்கையடிப்பு. பிறகு நெஞ்சைத் தூக்கி, தொண்டையைத் திறந்து, "கொக்… கர்ரா கர்ரா… கொக்!" என்று ஒரு கூவல் விட்டாள். வேறொரு சேவல், கொழுத்த சேவல், இந்தக் களம் என் பாட்டன் சொத்து என்று சொல்கிற சேவல்.

அதுவரை யோசித்துக்கொண்டிருந்த இளஞ்சேவல் யோசிக்கவே இல்லை. புதரைக் கிழித்துக்கொண்டு வந்தது. பிடரி இறகெல்லாம் குடைபோல விரிந்திருந்தது. களத்தின் நடுவில் நின்று, யாருமில்லாத புல்லைக் கொத்தியது, காலால் மண்ணை வாரி இறைத்தது, "வாடா வெளியே" என்று கண்ணை மூடிக்கொண்டு கூவியது.

மருதி நாணை இழுத்தாள். விட்டாள். கூவல் பாதியில் நின்றது.

கடம்பனுக்குச் சேவல்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. எழுந்துபோய் அதைக் காலைப் பிடித்துத் தூக்கினான்.

"அறிவுகெட்ட ஜென்மம்! இங்க எந்தச் சேவலும் இல்லையே! ஒரு இறகுகூட இல்லையே! எதைப் பாத்து இது சண்டைக்கு வந்துச்சு? சொல்லு ஆசானே, எதைப் பாத்து?"

"இறகைப் பிடுங்குங்கண்ணே. சோத்துக்கு நேரமாகுது."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு!"

"சொல்லலாம். பிடுங்குங்க."

பிடுங்கினான். ஒவ்வோர் இறகையும் சடையனின் மீசை என்று நினைத்துப் பிடுங்கினான்.

சோறு போட்டபோது மருதி கேட்டாள்: "கீழ்நாட்டு முதல் வில்லாளி கோழி பிடிக்கவா இவ்வளவு தூரம் வந்தாரு?"

இதற்காகவே ஒரு வருஷம் காத்திருந்தவன்போல அவன் ஆரம்பித்தான்.

போன பங்குனித் திருவிழா. மரக்கிளையில் கயிற்றில் சுரைக்காய் தொங்கும். கயிற்றை அம்பால் அறுக்க வேண்டும். பதினோரு வருஷமாக அறுத்தவன் கடம்பன்தான். அன்று கண்ணில் ஏதோ தூசி. அம்பு கயிற்றையும் தாண்டி, சுரைக்காயையும் தாண்டி, கூட்டத்துக்குப் பின்னால் ஊருக்கே கூழ் காய்ச்சிக்கொண்டிருந்த பானைக்குள் போய் 'சளக்' என்று விழுந்தது. மைதானம் மூச்சுவிடாமல் நின்றது. அப்போதுதான் சடையன் வாயைத் திறந்தான்.

"என்ன சொன்னாரு?"

"'மச்சானுக்குப் பசி போல. ஒரு கலயம் ஊத்துங்கப்பா'ன்னான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானாவா? ஊரே சிரிச்சுது! தலைவர் சிரிச்சாரு, கண்ணைத் தொடச்சுக்கிட்டுச் சிரிச்சாரு! கைக்குழந்தை சிரிச்சுது! இப்ப சின்னப் பசங்க என்னைப் பாத்தா 'கூழ்க்குறியார் வர்றாரு'ங்குறானுங்க. அன்னிக்கு வில்லை எடுத்துக்கிட்டு வந்தவன்தான், மைதானத்துப் பக்கம் இன்னும் போகல."

"எந்தக் குரல்ல சொன்னாரு?"

"என்ன?"

"குரல். பேசிக் காட்டுங்க. எனக்கு அதுதானே தொழில்."

கடம்பன் பேசிக் காட்டினான். கோபத்தில் பேசிக் காட்டினான், ஆகவே நன்றாகவே வந்தது. கொஞ்சம் இழுவை, கொஞ்சம் நக்கல்.

சிரிப்பு இன்னும் வரவில்லை என்கிறீர்கள். தெரியும். பெரியவரே இன்னும் வரவில்லை.

பெரியவர் நாலாம் நாள் வந்தார். இரண்டு கோழி சேர்ந்த பருமன். வால் இறகு தரையில் புரண்டது. பெட்டைக் குரலுக்கு அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எதிரிச் சேவலின் கூவலைக் கேட்டதும் மட்டும், குத்தகை கேட்க வருகிற பண்ணையார்போல, ஒவ்வோர் அடியாக வைத்து வந்தார். கடம்பனின் வாய் தானாக முணுமுணுத்தது: "வா… வாடா… உன் திமிரை…" பெரியவர் நின்றார். ஓலைக்குள் இருந்த வாயை நேராகப் பார்த்தார். போய்விட்டார்.

"யாரைத் திட்டுனீங்க?" என்றாள் மருதி.

"சேவலை."

"திமிருன்னீங்களே."

"…சடையனை."

"அவர் என்ன சொன்னாருன்னு சொன்னீங்க?"

"எத்தனை தடவை கேப்பே! 'மச்சானுக்குப் பசி போல, ஒரு கலயம் ஊத்துங்கப்பா.'" இந்த முறை வார்த்தைகள் மூக்கு வழியாக வந்தன.

"முன்னாடி மூக்கால பேசலையே?"

"மூக்காலதான் பேசுவான். அப்ப சொல்ல விட்டுட்டேன்."

ஆறாம் நாள் பெரியவர் களத்துக்கே வந்தார். கடம்பன் அவர் கூவுவதற்கு முன்பே நாணை இழுத்தான். கண் திறந்திருந்தது. ஒரே பாய்ச்சல், புதருக்குள் மறைந்தார். கடம்பன் மறைப்பையே உதைத்துத் தள்ளினான். குச்சி முறிந்து முழங்காலில் கீறியது.

"அவசரம் எதுக்குண்ணே?"

"அந்தப் பய சிரிச்ச சிரிப்பு காதுக்குள்ளயே இருக்கு! அது கேக்கும்போது கை தானா இழுக்குது!"

"சிரிச்சாரா? மொத நாள் ஊர்தான் சிரிச்சுதுன்னீங்க."

"அவன் சிரிக்காமயா ஊர் சிரிக்கும்? சொல்லி முடிச்சிட்டு 'ஹிஹ்ஹீ'ன்னு ஒரு சிரிப்பு. எலி மாதிரி."

"முழுசா ஒரு தடவை சொல்லுங்க. சிரிப்போட."

சொன்னான். மூக்கோடு, இழுவையோடு, எலிச் சிரிப்போடு.

ஒன்பதாம் நாள் ஒரு புது வரி முளைத்தது. களி தின்றுகொண்டிருந்தபோது, கேட்காமலே, கடம்பன் பேசிக் காட்டினான்: "மச்சானுக்குப் பசி போல. ஒரு கலயம் ஊத்துங்கப்பா. பாவம், வயசாச்சு. ஹிஹ்ஹீ."

மருதி நிமிர்ந்தாள். "'வயசாச்சு' புதுசா இருக்கே."

"புதுசு இல்ல. அவன் வாயால சொல்லல. மூஞ்சியில இருந்துச்சு. எனக்குத் தெரியாதா?"

"தெரியாம இருக்குமா" என்றாள் மருதி. உப்பைத் தள்ளி வைத்தாள்.

அந்த உப்பைத் தள்ளி வைத்தது அவனுக்குப் பொறுக்கவில்லை. நம்பாதவர்கள்தான் அப்படி உப்பைத் தள்ளி வைப்பார்கள். களியைத் தட்டோடு ஒதுக்கினான்.

"கேட்டுக்கோ. நான் சேவலுக்கு வரல. என் தங்கச்சி அல்லி ஏழு மாசம். தாய்வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும். அண்ணன்தான் வண்டி கட்டிக்கிட்டுப் போகணும், அதுதான் முறை. நான் போக மாட்டேன். அவன் வாசல்ல போய் நிக்க மாட்டேன். அப்ப அவனே கொண்டுவந்து விடுவான். பௌர்ணமிக்கு முந்தின நாள். இந்தக் கரட்டடிப் பாதையிலதான் வரணும். அவளை எறக்கிட்டுச் சாயங்காலம் தனியாத் திரும்புவான். ஊத்துக்கிட்ட மாட்டுக்குத் தண்ணி காட்ட நிறுத்துவான். நான் பத்தடியில இருப்பேன். புரியுதா? இப்பச் சொல்லு, கத்துக் குடுப்பியா, மாட்டியா?"

மருதி கலயத்தில் இருந்த தண்ணீரைக் குடித்தாள். வாயைத் துடைத்தாள்.

"வில்லைத் தொட்டுச் சொல்லியிருக்கீங்க. பெரியவரை அடிங்க. அப்புறம் போற வழி உங்க வழி."

"தடுக்க மாட்டே?"

"நான் கோழி கூப்பிடுறவ, அண்ணே. உங்களைத் தடுக்க எனக்கு என்ன பலம் இருக்கு?" என்றாள். பிறகு கேட்டாள்: "அந்தக் கடைசி வரிக்கு அப்புறம் சிரிச்சாரா, முன்னாடியா?"

"அப்புறம்!" என்று கத்தினான் கடம்பன்.

பௌர்ணமிக்கு முந்தின நாள் வந்தது.

இருட்டு விலகுவதற்கு முன்பே அவன் மறைப்புக்குள் இருந்தான். இன்று வாய் பேசவில்லை. கை அவசரப்படவில்லை. சாயங்காலம் ஒன்று இருக்கிறது என்ற நினைப்பே அவனைக் கல்லாக்கி வைத்திருந்தது. கோபம் இருந்தது. ஆனால் மூடிபோட்ட பானைக்குள் இருந்தது.

மருதி இன்று அவனோடு உட்காரவில்லை. "களத்துக்கு அந்தப் பக்கம், பாறைக்குப் பின்னாடி இருந்து கூப்பிடுறேன். பெரியவருக்கு இந்த இடம் சந்தேகமாயிடுச்சு" என்று சொல்லிப் போயிருந்தாள். ஆள் உயரப் பாறை. அதற்கு அப்பால் சரிவு. சரிவின் அடியில் வண்டிப்பாதை.

பாறைக்குப் பின்னாலிருந்து இறக்கையடிப்புக் கேட்டது. பிறகு கூவல். இத்தனை நாளில் கேட்காத கூவல். அதைக் கேட்டால் பக்கத்து மலைச் சேவலுக்கும் ரோஷம் வரும்.

பெரியவர் வந்தார்.

களத்துக்குள் வந்தார். கடம்பனுக்கு எட்டடி தூரத்தில் நின்றார். பிடரி விரிந்தது. கழுத்து நீண்டது. கண் மூடியது. கூவினார்.

கடம்பன் நாணை இழுத்தான். காது வரைக்கும் இழுத்தான். ஓர் ஓலைகூட அசையவில்லை. பெரியவர் கண் திறந்தபோது அம்பின் முனை அவர் நெஞ்சுக்கு நேராக இருந்தது, அவருக்கு அது தெரியவில்லை. இனி விரலைத் திறப்பதுதான் பாக்கி. பன்னிரண்டு நாள் பட்ட பாடெல்லாம் அந்த இரண்டு விரலுக்குள் இருந்தது.

"மச்சானுக்குப் பசி போ…ல!"

பாறைப் பக்கமிருந்து வந்தது. மூக்கு வழியாக. இழுத்து.

"ஒரு கலயம் ஊத்துங்கப்பா! பாவம், வயசாச்சு. ஹிஹ்ஹீ!"

மறைப்பு பிய்ந்து பறந்தது. ஓலை ஒரு பக்கம், குச்சி ஒரு பக்கம். கடம்பன் களத்துக்குள் இருந்தான். பெரியவர் அலறிக்கொண்டு அவன் தலைக்கு மேலேயே பறந்து போனார். அவன் பார்க்கவில்லை. அவன் கழுத்து புடைத்திருந்தது. தலைமுடி அவிழ்ந்து தோளில் விழுந்திருந்தது.

"எங்கடா இருக்கே! வாடா வெளிய!"

"ஹிஹ்ஹீ!"

விட்டான். அம்பு பாறையில் மோதி ரெண்டாக முறிந்து தெறித்தது. முறிந்ததைப் பார்க்கவும் நிற்காமல் ஓடினான். பாறையைச் சுற்றி வந்தான்.

பாறைக்குப் பின்னால் மருதி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் மடித்த துண்டு. வேறு யாருமில்லை.

கடம்பன் இடம் பார்த்தான், வலம் பார்த்தான், மரத்தின் மேலே பார்த்தான். "எங்க அவன்?"

மருதி அவன் முகத்துக்கு நேராகவே பேசினாள், அதே மூக்கால்: "ஒரு கலயம் ஊத்துங்கப்பா."

வில்லை ஓங்கிவிட்டான். அவள் நகரவில்லை.

"நீயா! சேவல் போச்சு! என் கையில இருந்த சேவல் போச்சு! பன்னெண்டு நாள்!" அவன் மூச்சு இரைத்தது. "அவன்தான் உன்னை ஏவிவிட்டானா? எப்ப வந்தான் இங்க? சொல்லு!"

"யாரும் வரலண்ணே."

"பொய்! அதே குரல்! அதே மூக்கு, அதே இழுப்பு, அதே எலிச் சிரிப்பு! அவன் வந்து பேசாம உனக்கு எப்படி வரும்?"

"அவர் கறுப்பா செவப்பான்னுகூட எனக்குத் தெரியாது. இந்தக் கரட்டை விட்டு நான் எறங்குனதே இல்ல."

"கேக்காத குரலை எவளாவது பேச முடியுமா? என்னை என்ன கேனையன்னு நெனச்சியா?"

சரிவின் கீழே மாட்டுமணிச் சத்தம் கேட்டது. வெயிலுக்கு முன்னால் கரட்டைத் தாண்டிவிட வேண்டும் என்று யாரோ கிளம்பி வந்திருக்கிறார்கள். வண்டிச் சக்கரம் கல்லில் ஏறி இறங்கியது. ஓர் ஆண்குரல் மாட்டிடம் பேசிக்கொண்டு வந்தது. கரகரத்த குரல், தாழ்ந்த குரல்.

"ஏ செவலை, பாத்துப் போடா. உள்ள ஆள் இருக்குல்ல."

மருதி எட்டிப் பார்த்தாள். "யாருண்ணே அது?"

"யாரோ வண்டிக்காரன். வாயில்லாத மாட்டுக்கிட்டக் கொஞ்சிக்கிட்டுப் போறான். பேச்சை மாத்தாதே! சடையன் குரல் உனக்கு எப்படி வந்துச்சு? அதைச் சொல்லு!"

கீழே வண்டி குலுங்கியது. ஒரு பெண்குரல், "மெல்லங்க, வயித்துல இடிக்குது" என்றது.

கடம்பன் திரும்பினான்.

அந்தக் குரலை அவனுக்குத் தெரியும். தொட்டிலில் அழுததிலிருந்து தெரியும். அல்லி.

"சரி, சரி" என்றது கரகரத்த குரல். "மச்சான் வண்டி கட்டிக்கிட்டு வருவாருன்னு நேத்து பூரா வாசல்லயே நின்னேன். அவர் வண்டின்னா ஒனக்கு இப்படி இடிக்குமா? நம்ம வண்டி இது. கொஞ்சம் பொறுத்துக்க."

வண்டி பாறைக்கு நேர் கீழே இருபதடியில் போய்க்கொண்டிருந்தது. ஓட்டுகிறவனின் முதுகு முழுசாகத் தெரிந்தது. அகலமான முதுகு, வியர்வையில் நனைந்திருந்தது. கடம்பன் கையில் வில் இருந்தது. தோளில் நாலு அம்பு இருந்தது. கை அம்புக்குப் போகவில்லை. அவன் தலையைச் சாய்த்து, முகத்தைச் சுளித்து, கேட்டுக்கொண்டிருந்தான். அந்தப் பேச்சுக்குள் எதையோ தேடினான். அந்தக் குரல் மறுபடியும் மாட்டை அதட்டியது. மறுபடியும் கேட்டான்.

வண்டி வளைவில் திரும்பியது. மணிச்சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் இருந்தது.

"அது சடையன்" என்றான் கடம்பன்.

"அப்படியா?"

"அவன் குரல்… அவன் குரல் அப்படி இல்லையே."

"எப்படி இல்ல?"

"மூக்கு இல்ல. இழுப்பு இல்ல." கடம்பன் வளைவையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாக அவள் பக்கம் திரும்பினான். இன்னும் கோபமாகத்தான் கேட்டான், ஆனால் கேட்கும்போதே அவன் சத்தம் படிப்படியாக இறங்கிக்கொண்டு போனது. "அவன் குரல் அதுன்னா, நீ இந்தப் பாறைக்குப் பின்னால இருந்து பேசுனது யார் குரல்?"

மருதி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"சொல்லிக் குடுத்தவரே என்னைக் கேட்டா எப்படிண்ணே?"

கடம்பனின் கை மெல்ல மேலே போனது. தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தான்.